படம் என் கையில இருக்கு

ஜன்னல் பக்கமா நகந்து உக்காருங்க தம்பி. உங்களுக்காகச் சொல்லல, அந்தக் கவருக்காகச் சொல்றேன். நடைபாதைப் பக்கம் வச்சா போறவன் வர்றவன் பையெல்லாம் இடிக்கும். ஐயய்யோ, மடக்காதீங்க! மடக்குன இடத்துல ஒரு கோடு விழும், அப்புறம் அந்தக் கோட்டையும் ஒரு டாக்டர் நோய்னு சொல்லுவாரு. எம்.ஆர்.ஐ. தானே? கவரு சைஸைப் பாத்தாலே தெரியுது. தலையா, முதுகா? முதுகு. சம்சாரத்துக்கா? அவங்க எங்க, முன்னால ஏறியிருக்காங்களா? வீட்டுல இருக்காங்களா. நல்லது. அவங்கள அலைய விடாதீங்க. படம் போதும்.

நான் ராஜபாளையம். பேரு தங்கமாரியப்பன். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதுத்தாப்புல போர்டு பாத்திருப்பீங்க, பத்திர எழுத்தர், உரிமம் பெற்றவர். முப்பத்தோரு வருஷமா எழுதுறேன், ஒரு பத்திரம் பிழைன்னு திரும்பி வந்ததில்ல. அதோ முன்னால மூணாவது சீட்டுல பச்சைச் சேலை தெரியுதா? அதுதான் என் சம்சாரம் சண்முகவடிவு. பக்கத்து இடம் காலியாத்தான் இருக்கு. நான் போய் உக்கார மாட்டேன், அவளும் கூப்பிட மாட்டா. போன மார்கழியிலேருந்து இப்படித்தான். முதுகுல ஆபரேஷன் ஆச்சு, இன்னைக்கு மதுரைல மூணாவது தடவையாப் பாக்க வரச் சொல்லியிருக்காங்க. அவ என்னை வரச் சொல்லல. நானா வர்றேன். ஃபைல் தூக்க ஒரு ஆள் வேணுமில்ல? ஃபைலு அவ பையிலதான் இருக்கு. அது வேற விஷயம்.

உங்க கையில படத்தைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. நான் பட்டதைச் சொல்றேன், கேட்டுக்கங்க. கல்லுப்பட்டி வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்.

எல்லாம் செருப்புலதான் ஆரம்பிச்சது தம்பி. ஐப்பசியில நல்ல மழை. வடிவு அங்கன்வாடி டீச்சரு. ரெண்டு தெரு தள்ளித்தான் வேலை, நடந்தே போயிருவா. ஒருநாள் ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வர்றா. எங்கடி இன்னொண்ணுன்னு கேட்டா, தெரியலங்கறா. வழியில கழண்டிருக்கு, கழண்டதே தெரியலயாம்! சரி, சேறுன்னு விட்டேன். புதுசு வாங்குனோம். பத்து நாள்ல அதுவும் போச்சு, டவுன் பஸ் படிக்கட்டுல. மூணாவது ஜோடி, கோயில் வாசல்ல. கோயில்ல செருப்பு களவு போகும், ஒத்துக்கறேன். ஆனா களவாணி ஜோடியா எடுப்பானா, ஒத்தையா எடுப்பானா? மூணு தடவையும் இடது கால் செருப்பு. இன்னைக்கும் எங்க வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுல மூணு வலது கால் செருப்பு வரிசையா இருக்கு, வந்து பாருங்க. எதுக்கு வச்சிருக்கேன்? ஆதாரம் வேணுமில்ல. இவளுக்கு எவ்வளவு கவனக்குறைவுன்னு நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா?

முதுகு வலின்னு அவ சொல்லிட்டுத்தான் இருந்தா. பொம்பளைங்க முதுகு வலின்னு சொல்றது புதுசா? நான் தைலம் வாங்கிக் குடுத்தேன். அப்புறம் பாத்தா, நடையே மாறிப் போச்சு. இடது காலை முழங்கால் மட்டத்துக்குத் தூக்கித் தூக்கி வைக்கிறா, தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாப் போச்சு. அவ பின்னால வரிசையா அதே மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடக்குதுங்க. நானும் சிரிச்சேன், எதுக்குப் பொய் சொல்லணும்? அவ சிரிக்கல.

அவ தம்பி சிதம்பரநாதன், எலெக்ட்ரிசிட்டி போர்டுல லைன்மேன். அவந்தான் ஸ்கேன் எடுக்க வச்சு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். போனோம். நரம்பு, மூளை, தண்டுவடம் எல்லாத்துக்கும் ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டர்னான். உள்ள போனா ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்கு! ஹெப்சிபான்னு பேரு. நான் நர்சுன்னு நெனச்சு, "டாக்டர் எப்பம்மா வருவாரு"ன்னு கேட்டுட்டேன். "வந்துட்டேன், உக்காருங்க அய்யா"ன்னு சிரிக்குது.

நான் படத்தை நீட்டுறேன் தம்பி. வாங்கி மேசையில வச்சிருச்சு. பாக்கல! வடிவுகிட்ட, "குதிகால்ல நாலு எட்டு நடந்து காட்டுங்கம்மா"ன்னுச்சு. வடிவால முடியல, இடது பாதம் தொப்புன்னு விழுது. "கால் கட்டைவிரலை மேல தூக்குங்க." வலது தூக்குது, இடது அப்படியே கெடக்கு. அந்தப் பொண்ணு ஒரு விரலை வச்சு வடிவோட கட்டைவிரலைப் புடிச்சுக்கிட்டு, "என்னை எதுத்துத் தள்ளுங்கம்மா, தள்ளுங்க"ன்னுட்டு நிக்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்தப் பெரிய குழாய்க்குள்ள அரைமணி நேரம் அசையாமப் படுத்து எடுத்த படம் மேசையில சும்மா கெடக்கு, இவங்க கால் விரலோட விளையாடிட்டு இருக்காங்க.

அப்புறந்தான் படத்தை வெளிச்சத்துல மாட்டுச்சு. "நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவுல ஜவ்வு பிதுங்கி நரம்பை அமுக்குது. வலி மட்டும்னா மாத்திரை குடுத்துப் பாக்கலாம். ஆனா கால்ல பலம் போயிருச்சு. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிட்டா நல்லதும்மா." வடிவைப் பாத்துச் சொல்லுது! பக்கத்துல நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன்.

நான் கேட்டேன், "பண்ணலைன்னா?" "கால் மேலும் விழும். ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல ஏதாவது மாத்தம் தெரிஞ்சா, ஒரு மணி நேரம் கூட யோசிக்காம ஓடி வந்துருங்க."

வடிவு என் முகத்தைப் பாத்தா. நான் படத்தைக் கழட்டி கவருக்குள்ள போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா தம்பி? ஒரு சென்ட் இடம் வாங்குறதுக்கே நாங்க முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பாக்குறோம். மூலப் பத்திரத்தைப் பாக்குறோம், வக்கீல்கிட்டக் கருத்துக் கேக்குறோம். இது முதுகுத் தண்டு! ஒரு சின்னப் பொண்ணு விரலைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுச்சுன்னு குடுத்துர முடியுமா?

இன்னொண்ணு. இதைப் பொதுவா நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் முதுகு ஆபரேஷனுக்குப் போயி, அப்புறம் பதினோரு வருஷம் கட்டில்லயே கெடந்தான். அது அந்தக் காலம், வேற வியாதின்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லட்டும். ராத்திரி பகலா எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணுல. இவ அப்படிப் படுத்துட்டா எனக்கு யாரு இருக்கா? காலையில அஞ்சரைக்கு அவ கையால காப்பி குடிச்சாத்தான் எனக்குப் பொழுது விடியும். எவ்வளவு பிரியம் இருந்தா ஒரு மனுஷன் அதெல்லாம் நெனச்சுப் பயப்படுவான், சொல்லுங்க.

அதனால முறைப்படி எறங்கினேன். வடிவைப் பாயில படுக்க வச்சு, அசையக் கூடாதுன்னு சொல்லிட்டு, நான் படத்தை எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன்.

முதல்ல திருநெல்வேலி. நல்ல வயசான டாக்டர். படத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, என் முதுகுக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு. "ஆளு எங்க?" வீட்டுலன்னேன். "ஆளைக் கூட்டிட்டு வாங்க." படத்தைப் பாத்துச் சொல்லத் தெரியாதவருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய போர்டு? நாகர்கோவில்ல அதுக்கு மேல, கவரைப் பிரிக்கவே இல்ல. "ஆளைக் கூட்டிட்டு வாங்க." எல்லாரும் ஒரே பாடம். தேனியில ஒருத்தர் தங்கமான மனுஷன், கொஞ்ச நாள் ஓய்வெடுத்துப் பாக்கலாம்னாரு. கால்ல பலவீனம் இல்லைன்னா மட்டும்னு முன்னால என்னமோ சொன்னாரு. முக்கியமான வார்த்தை ஓய்வு. அதை நான் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

திருச்சியில இருக்கிறவரு, இப்பவே பண்ணுங்கன்னாரு. விசாரிச்சுப் பாத்தா அவரும் அந்த மதுரைப் பொண்ணும் ஒரே காலேஜ்ல படிச்சவங்க. புரியுதா? குற்றாலத்துல ஒரு வைத்தியர். படத்தைத் தலைகீழாப் புடிச்சாரு, நான் மறுக்கல. ஆனா தலைகீழாப் புடிச்சாலும் தைரியமாச் சொன்னாரு, வாயுன்னு. ஒரு எண்ணெய் குடுத்தாரு. சிவகாசியில ஸ்கேன் சென்டர்ல இருந்து ரிடையர் ஆன ஒருத்தரு, எத்தனையோ ஆயிரம் படம் எடுத்த கை, "படம் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு"ன்னாரு. அத்தனை பேர்லயும் அவருதான் படத்தை மதிச்ச மனுஷன்.

பஸ்லயும் நான் சும்மா வர்றதில்ல. ஜன்னல் வெயில்ல படத்தைப் பிடிச்சுக் காட்டுவேன். ஒரு தடவை கண்டக்டர் உள்பட ஒம்போது பேர் பாத்தாங்க. ஒவ்வொருத்தன் குடும்பத்துலயும் ஒரு முதுகு இருக்கு தம்பி.

ஆக, ஆபரேஷன் வேணும்னு ரெண்டு பேரு. வேண்டாம்னு ரெண்டு பேரு, வைத்தியரையும் சேத்து. பொறுப்பைத் தட்டிக் கழிச்சவங்க ரெண்டு பேரு. படம் நல்லாருக்குன்னு ஒருத்தரு. சமமா நிக்குது. எட்டாவதா ஒருத்தர் சொல்லி முடிவு பண்ணணும். கோயம்புத்தூர்ல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட டோக்கன் நம்பர் கிடைக்கவே ரெண்டு நாள் காத்துக் கெடக்கணும்னாங்க. போய்க் காத்துக் கெடந்தேன். யாருக்காக? அவளுக்காக.

கௌம்பும்போது வடிவு செவத்தைப் புடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா. "படத்தை இங்க வச்சுட்டுப் போங்களேன். அவசரம்னா வேணும்"னா. நான் சொன்னேன், "அவசரமே வரக் கூடாதுன்னுதான் எடுத்துட்டுப் போறேன்." எப்படி? மூலப் பத்திரம் என் கையில இருக்கிறவரைக்கும் எவனாவது கிரயம் பண்ண முடியுமா? படம் என் கையில இருக்கிறவரைக்கும் எவளாவது கத்தியைத் தொட முடியுமா? முன்யோசனை தம்பி, முன்யோசனை.

ரெண்டாவது நாள் காலையில மச்சினன் போன் பண்றான். நான் வரிசையில நிக்கிறேன், எனக்கு முன்னால மூணே பேர். "அத்தான், அக்காவுக்கு ஒண்ணுக்குப் போறதே தெரியல. சேலை நனைஞ்சு கெடக்கு. உணர்ச்சியே இல்லங்குது." அவன் கத்துறது பக்கத்துல நிக்கிறவங்களுக்கெல்லாம் கேக்குது. எனக்குக் கூசிப் போச்சு. "டேய், போன்ல பேசுற பேச்சா இது? படம் என்கிட்ட இருக்கு. நான் வர்றவரைக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டு போனை ஆஃப் பண்ணிட்டேன். அந்தச் சமயம் பாத்து என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாங்க.

பெரிய டாக்டர், பெரிய ரூம். படத்தைப் பாத்தாரு. "இது எடுத்து எத்தனை நாளாச்சு?" "முப்பத்தெட்டு நாள் சார்." "இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

பாருங்க கேள்வியை! நான் சொன்னேன், "சார், அதை நீங்கதான் படத்தைப் பாத்துச் சொல்லணும்."

அந்த மனுஷன் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சுட்டு என்னைப் பாத்தாரு. அப்புறம், "அய்யா, தயவுசெஞ்சு இப்பவே ஊருக்குப் போங்க"ன்னாரு. இதுக்கு ரெண்டு நாள்.

சாயங்காலம் மதுரையில எறங்கி போனைப் போட்டா மச்சினன் சொல்றான், ஆபரேஷன் முடிஞ்சிருச்சுன்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தப் பொண்ணு பச்சைத் தொப்பியோட வராந்தாவுல வருது. நான் கவரைத் தூக்கிக் காட்டி, "படம் என் கையில இருக்கு! படம் இல்லாம எப்படிப் பண்ணீங்க?"ன்னு கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்குங்க அய்யா. புதுசா இன்னொண்ணும் எடுத்தோம். உங்க கையில இருக்கிறதை விட இப்ப ஜவ்வு ரெண்டு மடங்கு வெளிய வந்திருந்துச்சு."

கம்ப்யூட்டர்ல இருக்காம் தம்பி! அப்ப நம்ம கையில எதுக்குக் குடுக்குறாங்க? எட்டு ஊரு! மடியில வச்சு, சாப்பிடும்போது கூடக் கீழ வைக்காம சுமந்தேன். நகலைக் குடுத்துட்டு மூலத்தை அவங்களே வச்சிருந்திருக்காங்க. இது மோசடி இல்லையா?

சரி, ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போடலையே, எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். அவங்களே போட்டாங்கன்னாங்க. சம்மதப் படிவத்தோட நகல் வேணும்னு ரெண்டு நாள் நின்னு வாங்கினேன். எழுத்து நம்ம தொழிலு, விட முடியுமா? பாத்தா, நீல மையில, கோணல் மாணல் இல்லாம, "மு. சண்முகவடிவு". மு! அவங்க அப்பன் முத்துக்கருப்பன் எழுத்து! கட்டுனவன் த. எங்க போனான்? கேட்டா, வேலைக்குச் சேந்தப்பவே அதுதான், சம்பளப் பட்டியல்லயும் அதுதானாம். இருபத்திரெண்டு வருஷமா எனக்கே தெரியாம ஒரு மு.

அதுகூடப் போகட்டும். கீழ ஒரு கட்டம் இருக்கு, "கையெழுத்திடுபவர் நோயாளிக்கு என்ன உறவு?" அதுல இவ என்ன எழுதியிருக்கா தெரியுமா? "நானே." அது பிழை தம்பி. உறவுன்னா இன்னொருத்தர் வேணும். எனக்கு நானே உறவுன்னு எந்த ரிஜிஸ்தர் ஆபீஸ்லயாவது ஒத்துக்குவானா? நான் எழுதுன பத்திரமா இருந்தா கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதச் சொல்லியிருப்பேன்.

மயக்கம் தெளிஞ்சதும் பக்கத்துல போய், "பாரு, படத்தை ஒரு சுருக்கம் விழாமக் கொண்டு வந்துட்டேன்"னு காட்டினேன். கண்ணைத் திறந்து கவரைப் பாத்தா. "இனிமே இதையே வீட்டுல வச்சுக்கோங்க. காலையில காப்பி போட்டுத் தரும்"னா. மயக்க மருந்து தம்பி, அது கன்னாபின்னான்னு பேச வைக்கும்.

ஆனா மருந்து இறங்கின பெறகும் அவ வீட்டுக்கு வரல. தம்பி வீட்டுக்குப் போயிட்டா, இன்னும் அங்கதான். நான் டீக்கடையில குடிக்கிறேன், அது காப்பியா? வெந்நி.

உடம்பு எப்படியா? ஒண்ணுக்குப் போறதெல்லாம் சரியாயிருச்சு. வலியும் இல்லயாம். கால்தான் முழுசா வரல. இடது காலுக்கு பிளாஸ்டிக்ல ஒரு பட்டை மாட்டி, ஷூ போட்டுத்தான் நடக்கணும். அந்தப் பொண்ணு என்கிட்ட நேராவே சொல்லுச்சு, "அஞ்சு வாரத்துக்கு முன்னால வந்திருந்தா கால் தப்பிச்சிருக்கும் அய்யா"ன்னு. நல்லாக் கவனிங்க தம்பி. கால் சரியாகலைன்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க! நான் மொதல்ல இருந்து என்ன சொன்னேன்? ஆபரேஷன்ல கால் போயிரும்னு சொன்னேனா இல்லையா? என் பேச்சைக் கேட்டிருந்தா?

அதனால, உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. அவசரப்படாதீங்க. எங்க, அந்தக் கவரைக் குடுங்க, வெயில் நல்லா அடிக்குது, இப்படிப் பிடிப்போம். அடடா. அதே இடம். வெள்ளையா முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. எனக்கு இப்பல்லாம் பாத்ததும் தெரிஞ்சிரும். மதுரையில யார்கிட்டக் காட்டப் போறீங்க? ரெண்டாவது டாக்டரா? பத்தாது. திருநெல்வேலி, நாகர்கோவில் விலாசமெல்லாம் டைரியில இருக்கு, எழுதிக்கங்க. நீங்க அலைய முடியலைன்னா என்கிட்டயே விட்டுட்டுப் போங்க, நான் கொண்டு போய்க் காட்டிட்டு வர்றேன். எனக்கென்ன, வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்கா?

என்ன தம்பி? யாருக்குப் போன் பண்றீங்க? வீட்டுக்கா? பண்ணுங்க பண்ணுங்க. படுத்தே இருக்கச் சொல்லுங்க.

செருப்பா? எதுக்கு அவங்ககிட்டச் செருப்பைப் பத்திக் கேக்குறீங்க? கட்டைவிரலைத் தூக்கிப் பாக்கச் சொல்றீங்களா? தம்பி, அதெல்லாம் நாம பாக்குற வேலையா? என்ன சொல்றாங்க? ஒரு கால் கட்டைவிரல் மட்டும் எந்திரிக்கலையாமா? தண்ணி குடிக்கிறீங்களா?

இருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? இது கல்லுப்பட்டிதான். மதுரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கண்டக்டர், இவரு தெரியாம எறங்குறாரு, சொல்லுங்க! தம்பி, அது எதிர்ப் பக்கம், அங்க நின்னா ஊருக்குப் போற பஸ்தான் வரும்!

ஐயையோ, படம்! தம்பி, படம்! சீட்லயே விட்டுட்டுப் போறீங்களே! ஓய், திரும்பிப் பாருங்கய்யா! கண்டக்டர், விசில் குடுக்காதீங்க, ஒரு நிமிஷம்! வடிவு, ஏ வடிவு, நீ முன்னாலதான இருக்க, அந்தத் தம்பியைக் கூப்பிடு! என்னத்துக்குடி சிரிக்கிற? மூணு மாசமா என்னைப் பாத்து ஒரு சிரிப்பு இல்ல, இப்ப என்ன வந்துச்சு? இங்க பாரு, படம் என் கையில இருக்கு. படத்தை இங்க விட்டுட்டு, வீட்டுக்குப் போய் அந்த மனுஷன் என்னத்தைடி பாக்கப் போறாரு?